முதல் ரிமோட் விமானம் ஏன் விழுகிறது?

என்னுடைய முதல் ரிமோட் விமானம் ஏழு விநாடி பறந்தது. கூட வந்த நண்பர் வீடியோ எடுத்திருந்தார், அதில் எண்ணிப் பார்த்ததால் சரியாகச் சொல்ல முடிகிறது. கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கியது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அப்புறம் ஒரு பக்கம் சாய்ந்து நேராகத் தரையில் குத்தியது. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒட்டினது.

மோட்டாருக்குப் பவர் பத்தலைன்னு நானே முடிவு பண்ணி, பெரிய மோட்டாரும் பெரிய பேட்டரியும் வாங்கினேன். இரண்டாவது விமானமும் அதே மாதிரி மூக்கைத் தூக்கி, அதே மாதிரி சாய்ந்தது. ஆனால் இந்தத் தடவை வேகம் அதிகம். விழுந்த இடத்துக்கு நாலடி தள்ளி ஒரு பையன் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க நேரமாச்சு.

அந்த மைதானத்துக்கு வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் உடைந்த விமானத்தை எடுத்தார். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினார். வால் பொத்தென்று தொங்கியது.

"பேட்டரியை எங்க வச்சிருந்தீங்க தம்பி?"

இறக்கைக்குப் பின்னால் இருந்த இடத்தைக் காட்டினேன்.

"அவ்ளோதான். மோட்டார் மேல தப்பே இல்ல."

முதல் விமானம் தொடங்குகிறவருக்கு விழத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது என்று பலர் சொல்வார்கள். முழுக்க உண்மை இல்லை. அது விழுவதற்கான காரணங்கள் நாலைந்துதான். எல்லாமே மைதானத்துக்குப் போவதற்கு முன் வீட்டு மேசையிலேயே சரிசெய்யக்கூடியவை. யாராவது அன்றைக்கே எனக்கு உட்காரவைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைக்கிற விஷயங்களைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

எடை எங்கே இருக்கிறது?

காத்தாடிக்குச் சூத்திரம் கட்டிப் பழகினவங்களுக்கு இது உடனே புரியும். முடிச்சு ஒரு விரல்கடை மேலேயோ கீழேயோ போனால் அதே காத்தாடி, அதே காற்று, ஆனால் ஒழுங்காக ஏறாது, சுத்திச் சுத்தி விழும். விமானத்தில் அந்த முடிச்சின் வேலையைச் செய்வது எடை மையம்.

ஒரு விமானத்தில் இரண்டு புள்ளிகள் முக்கியம். ஒன்று எடை மையம், அதாவது விரலில் வைத்தால் சமமாக நிற்கும் இடம். இன்னொன்று நடுநிலைப் புள்ளி. காற்று வீசி மூக்கு கொஞ்சம் தூக்கினால் இறக்கையும் வாலும் சேர்ந்து கூடுதலாக ஒரு தூக்குவிசையைக் கொடுக்கும். அந்தக் கூடுதல் விசை செயல்படும் இடம்தான் அது. எடை மையம் இந்தப் புள்ளிக்கு முன்னால் இருந்தால், கூடுதல் விசை பின்பக்கத்தைத் தூக்கி மூக்கைக் கீழே இறக்கும். விமானம் தானாகவே சமநிலைக்கு வந்துவிடும். எடை மையம் பின்னால் போய்விட்டால் கதை தலைகீழ். மூக்கு தூக்கினால் கூடுதல் விசை அதை இன்னும் தூக்கும், அதனால் விசை இன்னும் கூடும். எவ்வளவு வேகமாகக் குச்சியை அசைத்தாலும் மனிதக் கையால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

இதை அழகாகச் செய்துகாட்டியவர் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சுக்காரர். 1871-இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் ரப்பர் பேண்டை முறுக்கி ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டார். அதில் விமானி கிடையாது, கட்டுப்பாடு கிடையாது. எடை எங்கே இருக்கணும், வால் எந்தக் கோணத்தில் இருக்கணும் என்பதை மட்டும் சரியாக வைத்தார். அது தானே நேராகப் பறந்தது. அவர் வடிவமைத்த வகையைச் சேர்ந்த ரப்பர் பேண்ட் ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றைத்தான் 1878-இல் ரைட் சகோதரர்களின் அப்பா பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாதாரணச் செவ்வக இறக்கை என்றால், முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரையிலான இடத்தில் எடை மையம் இருக்கணும். இறக்கை 20 செ.மீ. அகலம் என்றால் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ. இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போடுங்கள். பேட்டரி உட்பட எல்லாம் பொருத்திய பிறகு அந்தக் கோட்டில் விரலை வைத்துத் தூக்குங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்து நின்றால் நல்லது. வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். அப்படியும் வரவில்லையா, மூக்கில் நாணயம் ஒட்டினாலும் தப்பில்லை. மூக்கு கனத்த விமானம் சுமாராகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் அதை இரண்டு தடவை நிரூபித்தவன்.

எடை எவ்வளவு?

அடுத்தது மொத்த எடை. ஒரு மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம் கொண்ட இறக்கையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 0.2 சதுர மீட்டர். பேட்டரியோடு சேர்த்து 700 கிராம் இருந்தால், அந்த விமானம் அந்தரத்தில் நிற்க மணிக்குச் சுமார் 26 கி.மீ. வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். அதே இறக்கையில் எடையை ஒரு கிலோ ஆக்கினால் வேகம் சுமார் 31 கி.மீ. ஆகிறது. 400 கிராமுக்குக் குறைத்தால் 20 கி.மீ. போதும், சைக்கிளை நன்றாக மிதித்துப் போகிற வேகம்தான்.

31-க்கும் 20-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். இருக்கு. மெதுவாகப் பறந்தால் யோசிக்க நேரம் கிடைக்கும். அதைவிட முக்கியம், மோதலின் ஆற்றல் எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அந்தக் கணக்கில் ஒரு கிலோ விமானத்தின் அடி, 400 கிராம் விமானத்தின் அடியைப் போல ஆறு மடங்கு. விமானம் உடையறதும் அப்படித்தான், யார் மேலாவது பட்டாலும் அப்படித்தான். "பெரிய மோட்டார் போட்டால் சரியாயிடும்" என்ற என்னுடைய மருந்து, நோயைவிட ஆபத்தாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

எந்த மாதிரி விமானம்?

போர் விமானம் மாதிரி அழகாக இருப்பதை முதலில் தொடாதீர்கள். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கணும், நுனிகள் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கணும். ஒரு பக்கம் சாய்ந்து சறுக்க ஆரம்பித்தால், தாழ்ந்த பக்கத்து இறக்கையில் காற்று அதிகக் கோணத்தில் பட்டு அதை மறுபடி மேலே தூக்கிவிடும். இந்த வளைவு இருந்தால் இறக்கையில் தனி அசையும் பலகை கூட வேண்டாம். மோட்டார் வேகம், மூக்கை மேலே கீழே ஆட்டும் எலிவேட்டர், பக்கவாட்டில் திருப்பும் ரட்டர் ஆகிய மூன்றே போதும்.

பொருள், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 5 மி.மீ. ஃபோம் போர்டு. ஹாட் க்ளூ, கட்டர், ஸ்கேல், கொஞ்சம் மூங்கில் குச்சி. ஃப்ளைட் டெஸ்ட் என்ற அமெரிக்க யூடியூப் குழுவினர் தங்கள் ஃபோம் போர்டு விமானங்களின் வரைபடங்களை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அச்சடித்து, ஒட்டி, வெட்டினால் வேலை முடிந்தது. உடைந்தால் இன்னொரு ஷீட். கடையில் ரெடிமேடாக வாங்குவதில் தப்பில்லை, ஆனால் நீங்களே ஒட்டிய விமானத்தை நீங்களே சரிபார்த்து ஒட்டத் தெரியும். இந்தப் பொழுதுபோக்கில் பாதி நேரம் ஒட்டுவதுதான்.

உள்ளே போகிற சாமான்கள்:

• மோட்டார்: 1000 கேவி பிரஷ்லெஸ். கேவி என்றால் கிலோவோல்ட் இல்லீங்க. ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 11.1 வோல்ட் பேட்டரியில் சுமை இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று.
• ஈஎஸ்சி: 30 ஆம்பியர். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட்டும் இதிலிருந்துதான் போகும்.
• சர்வோ: 9 கிராம் எடையுள்ளது இரண்டு.
• ப்ரொப்பெல்லர்: 10 அங்குலம். ஒன்று வாங்காதீர்கள், நாலு வாங்குங்கள்.
• பேட்டரி: 3 செல் லிபோ, 2200 எம்ஏஎச்.
• ரேடியோ: குறைந்தது 4 சானல். ஆறு சானல் இருந்தால் வருங்காலத்துக்கும் ஆகும்.

செலவில் பெரும்பங்கு ரேடியோவுக்கும் சார்ஜருக்கும் போகும். அவை இரண்டும் விமானம் உடைந்தாலும் உடையாதவை, அடுத்தடுத்த விமானத்துக்கும் வரும். அதனால் அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

ரேடியோவை நம்பலாமா?

அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் 1937-இல் ரேடியோவால் கட்டுப்படுத்திய 'கஃப்' என்ற மாதிரி விமானம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு இந்த உலகத்தின் பெரிய பயம் அலைவரிசை. ஒருத்தர் பறக்கவிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொருத்தர் அதே அலைவரிசையில் ரேடியோவை ஆன் பண்ணினால் முதல் விமானம் காலி. அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, அலைவரிசைக்கு ஒரு கிளிப் என்று மாட்டி, கிளிப்பை வைத்திருப்பவர் மட்டும்தான் ரேடியோவைத் தொடலாம் என்று வைத்திருந்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்த பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஒவ்வொரு ரிசீவரும் தன்னோடு இணைக்கப்பட்ட ரேடியோவை மட்டும்தான் கேட்கும்.

ஆனாலும் சிக்னல் போகலாம். அப்போது மோட்டார் நின்றுவிடணும். இதற்குப் பெயர் ஃபெயில்சேஃப். ரேடியோ மெனுவில் நீங்களே செட் பண்ணி, சோதித்தும் பார்க்கணும். ப்ரொப்பெல்லரைக் கழட்டிவிட்டு மோட்டாரை ஓடவிடுங்கள், ரேடியோவை அணையுங்கள். மோட்டார் நிற்கவில்லை என்றால் அந்த விமானம் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. மேசையில் செய்யும் எந்தச் சோதனைக்கும் ப்ரொப்பெல்லர் கழட்டியே இருக்கணும். 10 அங்குல ப்ரொப்பெல்லர் விரலைப் பார்த்து ஓடாது. எப்போதும் முதலில் ரேடியோ ஆன், அப்புறம் விமானம். அணைக்கும்போது முதலில் விமானம், அப்புறம் ரேடியோ.

பேட்டரியிடம் மரியாதை

லிபோ செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். 3.5-க்குக் கீழே இறங்கவிடாமல் இருப்பது நல்லது. பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்கணும். 2200 எம்ஏஎச் பேட்டரியை 2.2 ஆம்பியரில் சார்ஜ் பண்ணினால் பாதுகாப்பு. பேலன்ஸ் சார்ஜரில்தான் போடணும், பக்கத்தில் ஆள் இருக்கணும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குவது, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போவது இரண்டும் தீ விபத்துக்குப் போடும் அழைப்பு. நான் அடியில் மணல் போட்ட மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் பண்ணுகிறேன். உப்பிப்போன பேட்டரியையும் பலமாக அடிபட்ட பேட்டரியையும் "இன்னும் ஒரு தடவை" என்று பயன்படுத்தாதீர்கள்.

எத்தனை நிமிஷம் பறக்கலாம்? சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் 2.2 ஆம்பியர்-மணி பேட்டரி 13 நிமிஷம் வரும். அதில் 80 சதவீதம்தான் பயன்படுத்தணும் என்பதால் 10 நிமிஷம். தொடக்கத்தில் ரேடியோ டைமரை ஆறு நிமிஷத்துக்கு வைத்துவிடுங்கள்.

கையை வீட்டிலேயே பழக்குங்கள்

விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது வலது என்றால் வலது. அது திரும்பி உங்களைப் பார்த்து வரும்போது, வலது பக்கம் குச்சியைத் தள்ளினால் உங்கள் கண்ணுக்கு அது இடதுபக்கம் போகும். இதை யோசித்துச் செய்ய நேரமிருக்காது, கை தானாகச் செய்யணும். ஒரு வழி இருக்கு: உங்களைப் பார்த்து வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி நினைத்துக்கொண்டால் மறக்காது.

இதைப் பழக சிமுலேட்டர் போதும். பிகாசிம் என்ற இலவச சிமுலேட்டர் செல்போனிலேயே ஓடும். முடிந்தால் கம்ப்யூட்டரில் போட்டு, உங்கள் ரேடியோவையே கேபிளில் இணைத்துப் பழகுங்கள். தினம் அரை மணி, இரண்டு வாரம். எட்டு போடுகிற மாதிரி இரண்டு பக்கமும் திரும்பி, நினைத்த இடத்தில் பத்துக்கு எட்டுத் தடவை இறக்க வந்துவிட்டால் மைதானத்துக்குப் போகலாம். சிமுலேட்டரில் நூறு விமானம் உடைந்தாலும் பைசா செலவில்லை.

எங்கே பறக்கவிடுவது?

மொட்டை மாடியில் இல்லை, தெருவில் இல்லை, ஆட்கள் கிரிக்கெட் ஆடும் மைதானத்தில் கண்டிப்பாக இல்லை. அறுவடை முடிந்த வயல், கோடையில் வற்றிய ஏரி மாதிரி இடங்கள் நல்லது. நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மின்கம்பி எங்கே ஓடுகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கணும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் நாலு விசிறி ட்ரோனுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இறக்கை வைத்த ரிமோட் விமானமும் அதற்குள்தான் வருகிறது. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வியாபாரம் அல்லாத மைக்ரோவுக்கும் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பதிவு எண் விஷயம் தனி, அதை உங்கள் விமானத்தின் எடையை வைத்து முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இடத்தை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்கணும். பச்சைப் பகுதியில் 400 அடி வரை அனுமதி வாங்காமல் பறக்கவிடலாம். மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. செயல்படும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் தரையிலிருந்தே பச்சை கிடையாது, அனுமதி வேண்டும். அதனால் பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ வீட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரிய காலி இடம் இருந்தாலும் நீங்களாகப் பறக்கவிட முடியாது. கொஞ்சம் வண்டி ஓட்டித்தான் ஆகணும்.

முதல் நாள்

காலை ஆறு, ஆறரை மணிக்குப் போங்கள். 26 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 12 கி.மீ. காற்று என்பது பெரும் காற்று. மரத்தின் இலை ஆடினால் அன்றைக்கு வேண்டாம். அனுபவசாலி ஒருத்தர் கூட இருந்தால் முதல் பறத்தலை அவரிடம் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கையை அசைக்காமல் விமானம் நேராகப் போகிற மாதிரி அவர் ட்ரிம் பண்ணித் தருவார்.

விமானத்தின் பின்னால் நின்று ஒரு முறை சரிபாருங்கள். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே வரணும். வலது என்றால் ரட்டர் வலது. ஒரு சர்வோ தலைகீழாக இருந்தாலும் மற்றதெல்லாம் சரியாக இருந்து பயனில்லை. அடுத்து, ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் ரேடியோவோடு நூறடி நடந்து போய் எல்லாம் அசைகிறதா என்று பாருங்கள்.

பின் மோட்டார் இல்லாமல், புல் அடர்ந்த இடத்தில் காற்றை எதிர்த்து மெதுவாக வீசுங்கள். சீராகச் சறுக்கி இறங்கினால் எடை மையம் சரி. மூக்கைத் தூக்கித் தொப்பென்று விழுந்தால் பேட்டரியை இன்னும் முன்னால் தள்ளணும். இந்த ஒரு சோதனையை நான் செய்திருந்தால் அந்த ஏழு விநாடி நடந்திருக்காது.

இப்போது மோட்டாரோடு. காற்றை எதிர்த்து, தரைக்கு இணையாக வீசணும். மேல்நோக்கி வீசத்தான் கை போகும். அப்படி வீசினால் வேகம் வருவதற்குள் ஸ்டால் ஆகும். ஏறியதும் நூறு, நூற்றைம்பது அடி உயரத்துக்குப் போய்விடுங்கள். அந்த உயரத்தில் ஒரு தப்பு பண்ணினாலும் திருத்திக்க இடம் இருக்கும். பயத்தில் தாழப் பறப்பதுதான் அதிக ஆபத்து.

இன்னொரு பொறி. காற்றோடு சேர்ந்து போகும்போது விமானம் தரையைப் பொறுத்து வேகமாகப் போகிற மாதிரி தெரியும். ஐயோ வேகம் என்று பவரைக் குறைப்போம், மூக்கைத் தூக்குவோம். ஆனால் இறக்கைக்குத் தரை தெரியாது, தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வேகம் மட்டும்தான் தெரியும். அங்கே ஸ்டால் ஆகும். பவர் அளவை மாற்றாமல் அகலமாகத் திருப்புங்கள்.

குழப்பம் வந்துவிட்டால், எங்கே ஆள் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால், ஒரே விதி: பவரைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். விமானம் உடையட்டும். ஒரு ஃபோம் போர்டு ஷீட்டை நாளைக்குக் கடையில் வாங்கலாம்.

என்னுடைய மூன்றாவது விமானம் 520 கிராம். பேட்டரி மூக்குக்குள். முதல் நாள் நாலு நிமிஷம் பறந்து, நான் நினைத்த இடத்திலிருந்து அறுபதடி தள்ளி, புல்லில் முழுசாக இறங்கியது. மோட்டார் பழைய சின்ன மோட்டார்தான். பெரிய மோட்டார் இன்னும் அலமாரியில் இருக்கு, புதிதாகத் தொடங்குகிறவர்கள் யாராவது "இன்னும் பவர் போட்டால்?" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.